ஒற்றை உணரி கேமராவின் பிரிதிறனை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சாதாரணக் கேமராவைக் காட்டி "எத்தனை பிக்சல்?" என்று கேட்டால், பதில் அதன் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். ஒற்றை உணரி கேமராவில் அந்தக் கேள்விக்குப் பொருளே மாறிவிடுகிறது. இங்கே பிக்சல் எண்ணிக்கை நாம் நிரலில் எழுதும் ஓர் எண், அவ்வளவுதான். 64 என்று எழுதினால் 64×64 படம் வரும். அதை அழித்துவிட்டு 256 என்று எழுதினால் 256×256 படம் வரும். படம் பெரிதாகிவிட்டது, சரி. முன்பு தெரியாத நுணுக்கம் ஏதாவது இப்போது தெரிகிறதா? அளந்து பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பிரிதிறன் என்பது நெருக்கமான நுணுக்கங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் திறன். இந்தத் துறையில் பலரும் பிக்சல் எண்ணிக்கையையே பிரிதிறன் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது எப்போதும் உறுத்தும். லென்ஸ், நுண்ணாடி, விளக்கு, பெருக்கி, எண்மாற்றி (மின் சிக்னலை எண்ணாக்கும் கருவி), கடைசியில் கணக்கு என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. பிரிதிறன் அந்த முழுச் சங்கிலிக்கும் உரியது. அதிலும் கணக்கு என்ற கடைசிக் கண்ணி, அளக்கிறவரை ஏமாற்றக்கூடிய கண்ணி. அதனால்தான் வழக்கமான கேமரா சோதனைகளை அப்படியே எடுத்துவந்து இங்கே வைத்தால் போதாது. எதை எடுத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்பதைச் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

கேமரா எப்படி வேலை செய்கிறது

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பரனியுக், கெவின் கெல்லி ஆகியோரின் குழு 2006 வாக்கில் காட்டிய அமைப்புதான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது. காட்சியின் பிம்பம் ஒரு லென்ஸ் வழியாக நுண்ணாடி அணியின் மேல் விழும். ப்ரொஜெக்டருக்குள் இருக்கும், பொடி ஆடிகள் நிறைந்த அதே டிஎம்டி சில்லுதான் அது. ஒவ்வொரு ஆடியும் 12 பாகை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். ஒரு பக்கம் சாய்ந்த ஆடிகளின் ஒளி முழுவதையும் இன்னொரு லென்ஸ் திரட்டி ஒரே ஒரு ஃபோட்டோடயோடில் சேர்க்கும். எந்த ஆடி எந்தப் பக்கம் என்ற அமைப்பை இங்கே கோலம் என்று சொல்கிறேன். ஒரு கோலத்துக்கு ஓர் எண் கிடைக்கும். ஆயிரக்கணக்கான கோலங்களைப் போட்டு ஆயிரக்கணக்கான எண்களைச் சேர்த்த பிறகு, கணக்கின் மூலம் படத்தை மீட்கிறோம்.

இன்னொரு வகையில், கோலத்தையே ப்ரொஜெக்டர் போலப் பொருளின் மேல் வீசி, திரும்பி வரும் ஒளியை உணரி அளக்கும். 2008-இல் ஜெஃப்ரி ஷபிரோ முன்வைத்த கணினிவழிப் பேய்ப் படிமம் (computational ghost imaging) என்ற முறையும் கணக்கில் இதேதான்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், 1 முதல் 1.7 மைக்ரான் வரையிலான அகச்சிவப்பு போன்ற இடங்களில் லட்சக்கணக்கான பிக்சல் கொண்ட சென்சாரின் விலை மிக அதிகம். ஒற்றை இண்டியம் காலியம் ஆர்சனைடு டயோடு அதைவிடப் பல மடங்கு மலிவு.

படி 1: பிம்பம் எங்கே உருவாகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நுண்ணாடிக்கு முன்னால் இருக்கும் லென்ஸ்தான் பிரிதிறனைத் தீர்மானிக்கிறது. பின்னால் இருக்கும் திரட்டும் லென்ஸ் எவ்வளவு மோசமாக இருந்தாலும் படம் மங்காது. உணரிக்கு முன்னால் தேய்த்த கண்ணாடியை வைத்தால் ஒளி குறையும், இரைச்சல் கூடும், ஆனால் விளிம்பு மழுங்காது. கோலத்தைப் பொருளின் மேல் வீசும் அமைப்பில் வீசும் லென்ஸ்தான் எல்லாம். அந்த அமைப்பில் படம் ப்ரொஜெக்டரின் கண்ணால் பார்த்தது போலவும், உணரி இருக்கும் இடத்திலிருந்து விளக்கடித்தது போலவும் வரும். நிழல்கள் "தவறான" பக்கம் விழுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் திரட்டும் லென்ஸைக் குவிப்பதில் நாள் முழுவதும் செலவழித்தவர்களை அறிவேன். குவிக்க வேண்டியது முன் லென்ஸை.

இதில் ஒரு கஷ்டம், இந்தக் கேமராவில் உடனடிப் பார்வை கிடையாது. கோலத்தை வீசும் அமைப்பானால் சதுரங்கக் கட்டக் கோலம் ஒன்றை வீசி, பொருளின் மேல் அதன் விளிம்பை உருப்பெருக்கியால் பார்த்துக் குவிக்கலாம். பிம்பம் நுண்ணாடியின் மேல் விழும் அமைப்பானால், ஆடிகள் எதிர்ப்பக்கம் தள்ளும் ஒளிப்பாதையில் சாதாரணக் கேமரா ஒன்றை வைத்து நுண்ணாடியின் முகத்தையே பாருங்கள். அதுவும் இல்லையென்றால் 32×32 படங்களை வேகமாக எடுத்து, நுண்ணிய கோலங்களின் குணகங்களை, அதாவது அவற்றுக்குக் கிடைத்த எண்களை, குறி பாராமல் கூட்டி, அந்தக் கூட்டல் உச்சமாகும் இடத்தில் லென்ஸை நிறுத்துங்கள். எஃப்/4 துளையில் 0.3 மி.மீ. குவியம் தவறினால் சுமார் 75 மைக்ரான் மங்கல் வட்டம் வரும். அது எவ்வளவு பெரிது என்று அடுத்த படியில் தெரியும்.

படி 2: தாளில் கணக்குப் போடுங்கள்

1024×768 ஆடிகள், ஒவ்வொன்றும் 13.68 மைக்ரான் இடைவெளி. ஆய்வகங்களில் நிறையப் புழங்கும் டிஎம்டி அளவு இது. நடுவில் 768×768 ஆடிகளை எடுத்துக்கொண்டு 128×128 படம் எடுக்கிறோம் என்று வைப்போம். ஒரு பிக்சலுக்கு 6×6 ஆடிகள். அதாவது நுண்ணாடித் தளத்தில் ஒரு பிக்சல் 82.08 மைக்ரான். சற்றுமுன் சொன்ன குவியத் தவறு ஏறக்குறைய ஒரு முழுப் பிக்சலை விழுங்கிவிடும்.

லென்ஸ் பொருளைப் பாதியாகச் சுருக்கிக் காட்டினால், பொருள் தளத்தில் ஒரு பிக்சல் 164.16 மைக்ரான். இரண்டு பிக்சலுக்கு ஒரு கறுப்பு வெள்ளைக் கோட்டு ஜோடி என்பது நைக்விஸ்ட் எல்லை. ஆக மில்லிமீட்டருக்கு 3.05 ஜோடி. இந்த எண்ணைப் பெரிதாக எழுதி மேசையில் ஒட்டுங்கள். 128×128 படத்தில் இதற்கு மேல் "தெரிந்தது" என்று யார் சொன்னாலும் சந்தேகப்பட வேண்டும்.

ஒளிவிளிம்பு வளைவு, அதாவது துளை வழியே போகும் ஒளி தானாகவே சற்று விரிவது, பெரும்பாலும் தடையாக இருக்காது. எஃப்/8 துளை, 0.55 மைக்ரான் பச்சை ஒளி என்றால் 1.22-ஐயும் சேர்த்துப் பெருக்கினாலும் சுமார் 5.4 மைக்ரான்தான். டெராஹெர்ட்ஸ் பக்கம் போனால் கதை வேறு. 1 டெராஹெர்ட்ஸ் அலையின் நீளமே 300 மைக்ரான், அங்கே அலைதான் எஜமான்.

சுருக்க விகிதத்தை லென்ஸ் சமன்பாட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுகோலைப் படமெடுத்து, 10 மி.மீ.க்கு எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். கிடைமட்டமாக ஒரு முறை, செங்குத்தாக ஒரு முறை. இரண்டும் ஏன் என்றால், சில சில்லுகளில் ஆடிகள் வைர வடிவில் சாய்த்து அடுக்கப்பட்டிருக்கும். லைட்கிராஃப்டர் 4500 என்ற ப்ரொஜெக்டர் வகையில் 912×1140 ஆடிகள், ஆடியின் பக்கம் 7.6 மைக்ரான். ஆனால் நிரலில் சதுரமாக நாம் வரையும் கட்டம் சில்லில் சதுரமாக இருக்காது, அகலத்தில் சுமார் இரண்டு மடங்கு நீளும். இதைத் திருத்தாமல் எடுத்த பிரிதிறன் எண் ஒரு திசையில் இரண்டு மடங்கு தவறாக இருக்கும்.

படி 3: சிக்னலைச் சுத்தம் செய்யுங்கள்

அளவீட்டைக் கெடுக்கும் விஷயங்களில் பாதி இங்கேதான் இருக்கிறது, அதனால் இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

முதலில் விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். நுண்ணாடி விநாடிக்கு 22,000 கோலம் மாற்றினால், ஒரு துடிப்புக்குள் 220 கோலங்கள் கடந்துவிடும். அந்தத் துடிப்பும் அளந்த எண்களுக்குள் புகுந்துவிடும். ஒரு முறை என் படத்தில் பொருளே இல்லாத கறுப்பு மூலையில் ஒளிப்புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. நிரலை இரண்டு நாள் துருவினேன். கடைசியில் பார்த்தால் கதவிடுக்கு வழியாக வராந்தா டியூப்லைட்டின் ஒளி உணரிக்குப் போயிருக்கிறது. நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்இடி, கறுப்புத் துணி, மூடிய கதவு. இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு கோலத்தையும் அதன் தலைகீழ்க் கோலத்தையும் அடுத்தடுத்துப் போட்டு இரண்டையும் கழியுங்கள். ஜோடிக்கு ஆகும் 90 மைக்ரோ விநாடியில் விளக்கின் மெதுவான ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்பதால், அது கழிந்துவிடும். நேரம் இரட்டிப்பாகும். 128×128-க்கு 16,384 கோலம், ஜோடியாக 32,768, விநாடிக்கு 22,000 என்றால் ஒன்றரை விநாடி. 256×256-க்கு கிட்டத்தட்ட 6 விநாடி. அளவீட்டுக்கு இது கொடுக்க வேண்டிய விலைதான்.

உணரியின் வேகத்தையும் பாருங்கள். ஒரு கோலம் 45 மைக்ரோ விநாடிதான் நிற்கிறது. ஒளி போதவில்லை என்று பெருக்கியின் திருகை ஏற்றினால் அதன் அலைப்பட்டை (வேகமான மாற்றங்களைப் பின்தொடரும் திறன்) சுருங்கும், முந்தைய கோலத்தின் மிச்சம் அடுத்த எண்ணில் ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் கேமராவில் மெதுவான மின்சுற்று படத்தை மங்கச் செய்யும். இங்கே மங்கலுக்குப் பதில் பொய் நிழல்கள் வரும். ஆகவே "விளிம்பு கூர்மையாகத்தானே இருக்கிறது" என்று ஆறுதல் அடைய முடியாது. அலைக்காட்டியில் எல்லாம் திறந்த கோலத்தையும் எல்லாம் மூடிய கோலத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சிக்னல் தட்டையாகப் படிந்த பிறகு வரும் பகுதியை மட்டும் சராசரி எடுங்கள்.

கடைசியாக எண்மாற்றி, அதாவது ஏடிசி. இதைப் பலர் கவனிப்பதில்லை. 128×128-இல் ஒரு கோலத்தில் பாதி, அதாவது 8,192 பிக்சல் திறந்திருக்கும். சீரான வெளிச்சத்தில் ஒரு பிக்சலின் பங்கு மொத்த அளவில் 8,192-இல் ஒரு பங்கு. 12 பிட் மாற்றிக்கு 4,096 படிகள்தான். அதாவது இரண்டு பிக்சலின் ஒளி சேர்ந்தால்தான் ஒரு படி நகரும். நுணுக்கத்தைச் சுமப்பவை சின்னக் குணகங்கள், அவைதான் முதலில் இந்தப் படிகளுக்கிடையே தொலைந்துபோகும். சிக்னலில் ஒரு படி அளவுக்கு இயல்பான இரைச்சல் இருந்தால் சராசரியில் அவை மீண்டு வரும். இல்லையென்றால் 16 பிட் மாற்றிக்குப் போங்கள். இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஆடிகளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு டயோடு வைத்து, எண்ணாக மாற்றும் முன்பே வித்தியாசத்தை எடுப்பது. அப்போது மாற்றியின் முழு வீச்சும் நமக்குத் தேவையான வித்தியாசத்துக்கே கிடைக்கும்.

படி 4: இலக்கு அட்டைகள்

மூன்று வேண்டும்: சாய்ந்த விளிம்பு, யுஎஸ்ஏஎஃப் 1951 கோட்டு அட்டை (படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் கோடுகள், குழு எண்ணும் உறுப்பு எண்ணும் இட்டவை), சீமென்ஸ் நட்சத்திரம் (மையத்தை நோக்கி நெருங்கும் கறுப்பு வெள்ளை ஆரங்கள்). ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை.

விளிம்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பின்னாலிருந்து ஒளி விட்டுப் புதுச் சவர பிளேடு ஒன்றை வைத்தால் போதும், அதைவிடக் கூர்மையான விளிம்பு கடையில் எளிதில் கிடைக்காது. மற்ற இரண்டையும் 600 டிபிஐ லேசர் பிரிண்டரில் அச்சடிக்கலாம். அதன் ஒரு புள்ளி சுமார் 42 மைக்ரான். நம் 164 மைக்ரான் பிக்சலுக்கு அது ஓரளவு சரி. 256×256-க்குப் போனால் பிரிண்டரின் கரடுமுரடும் படத்தில் தெரியத் தொடங்கும், அப்போது கண்ணாடியில் குரோமியம் பூசிய அட்டையை வாங்குங்கள்.

படி 5: முதல் அளவீடு, முழுதாக, நேர்கோட்டுக் கணக்கில்

சுருக்க உணர்வு, நரம்பியல் வலை எல்லாம் பிறகு. முதலில் ஹடமார்டு கோலங்கள் (ஏறக்குறைய எல்லாமே பாதி திறந்து பாதி மூடிய, கணித ஒழுங்குள்ள கட்டக் கோலங்கள்) அனைத்தையும் போட்டு, நேரடியாகத் தலைகீழ் மாற்றத்தால் படத்தை மீட்டெடுங்கள். இப்படி மீட்ட ஒவ்வொரு பிக்சலும் அந்தச் சதுரத்தில் விழுந்த ஒளியின் கூட்டல், வேறெதுவும் இல்லை. அதனால் இந்த ஒரு நிலையில் மட்டும் நம் கேமரா சாதாரணச் சென்சார் போலவே நடந்துகொள்ளும். கேமரா பிரிதிறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12233-இல் உள்ள சாய்ந்த விளிம்பு முறையைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

பிளேடைச் செங்குத்திலிருந்து சுமார் 5 பாகை சாய்த்து வையுங்கள். 5 பாகையில் விளிம்பு ஒரு பிக்சல் நகர 11.4 வரிசைகள் ஆகும். ஆகவே குறைந்தது 12 வரிசை வேண்டும், 40 இருந்தால் நிம்மதி. ஒவ்வொரு வரிசையிலும் விளிம்பு எங்கே இருக்கிறது என்று வகைக்கெழுவின் நடுப்புள்ளியால் கண்டுபிடித்து, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரு நேர்கோடு பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு பிக்சலும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, கால் பிக்சல் அகல அறைகளில் போட்டுச் சராசரி எடுத்தால், ஒரு பிக்சலைவிட நான்கு மடங்கு நுணுக்கமான விளிம்பு வளைவு கிடைக்கும். அதை வகையிட்டு, ஓரங்களை மெதுவாக அடக்கும் சாளரத்தால் பெருக்கி, ஃபூரியே மாற்றம் எடுத்து (அதாவது அலைவெண்களாகப் பிரித்து), பூஜ்ய அலைவெண்ணில் 1 ஆகுமாறு வகுத்தால் எம்டிஎஃப் வளைவு தயார். எந்த நுணுக்கத்தில் மாறுபாடு எத்தனை பங்கு மிஞ்சுகிறது என்பதை அது காட்டும். படம் ஒன்றில் இரைச்சல் அதிகமானால் பத்துப் படங்களின் சராசரியில் இதைச் செய்யுங்கள். பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து இன்னொரு முறையும் செய்யுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை அடுத்து வருவது. லென்ஸ் பூரணமாக இருந்தாலும், சதுரப் பிக்சலே மாறுபாட்டைக் குறைக்கும். நைக்விஸ்ட் எல்லையில் அதன் பங்கு 2-ஐ π-ஆல் வகுத்தது, அதாவது 0.64. நேர்கோட்டுக் கணக்கில் உங்கள் எம்டிஎஃப் அந்த இடத்தில் 0.64-க்கு மேல் வந்தால், சங்கிலியில் எங்கோ ஒரு கூர்மைப்படுத்தல் ஒளிந்திருக்கிறது. கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். கீழே வந்தால் நல்லது, 0.64-ஆல் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக 0.40 வந்தால் 0.40 ÷ 0.64 = 0.63. இது லென்ஸின், குவியத்தின் பங்கு.

இப்போது 256×256 எடுங்கள். பிக்சல் பாதியானதால், அதே 3.05 ஜோடியில் பிக்சலின் பங்கு 0.90. லென்ஸ் மாறவில்லை, ஆகவே 0.63 × 0.90 = 0.57 வர வேண்டும். வந்தால் உங்கள் அளவீடு தன்னோடு ஒத்துப்போகிறது. வரவில்லையென்றால் 256-இல் இரைச்சலோ, ஏடிசி படிகளோ, உணரியின் மந்தமோ தலையிடுகிறது. வெறும் பிக்சல் எண்ணைப் பெரிதாக்குவது பயன் தருகிறதா என்ற முதல் கேள்விக்கான நேர்மையான பதில் இந்த ஒப்பீட்டில் கிடைத்துவிடும்.

படி 6: கண்ணால் சரிபார்ப்பு

யுஎஸ்ஏஎஃப் அட்டையில் குழு எண்ணோடு, உறுப்பு எண்ணில் ஒன்று குறைத்து ஆறால் வகுத்ததைக் கூட்டி, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் மில்லிமீட்டருக்கு எத்தனை ஜோடி என்று வரும். குழு 1 உறுப்பு 4 என்றால் 2.83. உறுப்பு 5 என்றால் 3.17. நம் எல்லை 3.05, ஆகவே உறுப்பு 4 வரை தெரியலாம், 5 தெரியக் கூடாது. எல்லைக்கு அருகே கோடுகள் பிக்சல் கட்டத்தில் எப்படி உட்காருகின்றன என்பதைப் பொறுத்து ஒரே உறுப்பு ஒரு முறை தெளிவாகவும் மறுமுறை சாம்பலாகவும் வரும். அதனால் ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையை நகர்த்தத் தேவையில்லை, இந்தக் கேமராவின் அழகே இதுதான்: 6 ஆடி அகலப் பிக்சலில் கோலத்தையே 3 ஆடி நகர்த்தினால் அரைப் பிக்சல் நகர்ந்துவிடும். நான்கு நிலைகளில் எடுத்து, நான்கிலும் பிரியும் உறுப்பை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

நட்சத்திரத்தின் பலம் வேறு. 36 ஜோடி ஆரங்கள் கொண்ட நட்சத்திரத்தில், மையத்தைச் சுற்றி 23 பிக்சல் விட்டமுள்ள வட்டம்தான் நைக்விஸ்ட் எல்லை. படத்தின் மேல் அந்த வட்டத்தை வரைந்துவிடுங்கள். உள்ளே ஆரங்கள் போலத் தெரிவதெல்லாம் பொய். வெளியே கறுப்பும் வெள்ளையும் இடம் மாறித் தெரிந்தால் குவியம் தவறியிருக்கிறது. மங்கல் ஒரு திசையில் நீண்டிருந்தால் இரண்டு திசைகளின் அளவும் ஒன்றல்ல.

இங்கே ஒரு பாடம் சொல்ல வேண்டும். சாதாரணச் சென்சாரில் வெள்ளைப் பகுதியின் ஒளித்துகள் இரைச்சல் வெள்ளைப் பகுதியோடு நின்றுவிடும். ஹடமார்டு அளவீட்டில் ஒவ்வொரு எண்ணிலும் பாதிப் படத்தின் ஒளி கலந்திருப்பதால், அந்த இரைச்சல் எல்லாப் பிக்சலுக்கும் சமமாகப் பங்கு போடப்படும், கறுப்பு மூலைக்கும்கூட. ஆகவே வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகள் உள்ள அட்டையும், கறுப்புப் பின்னணியில் ஒளி ஊடுருவும் கோடுகள் உள்ள அட்டையும் ஒரே பதிலைத் தராது. ஒளித்துகள் இரைச்சல் மேலோங்கும்போது இரண்டாவதில் பிரிதிறன் கூடுதலாகத் தெரியும். கேமரா மாறவில்லை, மொத்த ஒளிதான் குறைந்தது. இரண்டையும் எடுங்கள், எதில் எடுத்தது என்று எழுதுங்கள்.

படி 7: அளவீட்டைக் குறைத்தால் என்ன ஆகிறது

இப்போதுதான் எல்லோரும் ஆசைப்படும் பகுதி வருகிறது. 16,384-இல் 25 சதவீதக் கோலங்களை மட்டும் போட்டால்? எந்தக் கால்வாசி என்பதைப் பொறுத்தது. கட்டங்களின் அடர்த்திப்படி, பெரிய கட்டத்திலிருந்து நுண்ணிய கட்டத்துக்கு இரண்டு திசையிலும் அடுக்கி முதல் கால்வாசியை எடுத்தால், உள்ளபடி நமக்குக் கிடைப்பது 64×64 படம். 128 என்று கோப்பின் அளவு சொல்லும், நைக்விஸ்ட் 1.52-க்கு இறங்கியிருக்கும். குழு 0 உறுப்பு 4 பிரியும், 5 பிரியாது. 2017-இல் மிங்-ஜீ சுன் குழு முன்வைத்த ரஷ்யப் பொம்மை அடுக்கு இந்த ஒழுங்கைத்தான் கொண்டது: சின்னப் படத்துக்குத் தேவையான கோலங்கள் எல்லாம் முதலில் முடியும், பிறகு அடுத்த பெரியது. அதனால் எங்கே நிறுத்தினாலும் கையில் ஒரு முழுப் படம் இருக்கும்.

ஃபூரியே கோலங்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வெட்டு எல்லை நேரடியாகவே தெரியும், அவர்கள் தேர்ந்தெடுத்த வட்டத்தின் ஆரம்தான் அது. ஆனால் டிஎம்டி கறுப்பு வெள்ளை மட்டுமே காட்டும். சாம்பல் நிறச் சைன் அலையைப் புள்ளிகளாகச் சிதறிக் காட்டினால், அந்தச் சிதறலே சில ஆடிகளின் அகலத்தை விழுங்கும். இதையும் பிக்சல் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: நேர்கோடு அல்லாத மீட்பு, அதன் பொய்கள்

கேன்டெஸ், ரோம்பெர்க், டாவ் ஒரு பக்கமும் டோனோஹோ ஒரு பக்கமும் 2006-இல் நிறுவிய சுருக்க உணர்வுக் கோட்பாடு, குறைந்த எண்களிலிருந்து முழுப் படத்தை மீட்கலாம் என்கிறது, படம் ஏதோ ஒரு வகையில் எளிமையானதாக இருந்தால். அந்த "இருந்தால்" அளவீட்டுக்காரரைப் படுத்தும்.

மொத்த மாறுபாட்டைக் குறைக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையிலான வித்தியாசங்களின் கூட்டல் சிறிதாக இருக்கும் படத்தை அது தேடும். தட்டையான பரப்பும் திடீர் விளிம்பும் உள்ள படம் அதற்கு உயிர். சாய்ந்த பிளேடு என்ன? தட்டை, திடீர் விளிம்பு, தட்டை. யுஎஸ்ஏஎஃப் கோடுகளும் அப்படியே. ஆகவே 10 சதவீத அளவீட்டிலும் எம்டிஎஃப் வளைவு அபாரமாக வரும். பருத்தித் துணியின் நெசவைப் படமெடுத்தால் அதே கேமரா வெறும் சாம்பல் பரப்பைத் தரும். இலக்கு அட்டை, கணக்கு முறையின் விருப்பத்துக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. அது கேமராவின் பிரிதிறன் அல்ல. இங்கே எம்டிஎஃப் என்ற ஒற்றை வளைவே இல்லை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொன்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

நான் நம்பும் முறை அளவீட்டுக்குள் ஒரு புள்ளியை ஊன்றுவது. நம் அளவீடு கூட்டலுக்குக் கட்டுப்பட்டது: இரண்டு காட்சிகள் சேர்ந்தால் எண்களும் சேரும். ஆகவே துணியை உண்மையில் அளந்த எண்களோடு, ஒரு குறிப்பிட்ட பிக்சலில் மங்கலான ஒரு புள்ளி இருந்தால் ஒவ்வொரு கோலத்திலும் எவ்வளவு கூடும் என்பதைக் கணக்கிட்டுக் கூட்டிவிடலாம். புள்ளியுடன் ஒரு முறை, புள்ளி இல்லாமல் ஒரு முறை படத்தை மீட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். மிஞ்சுவது, அந்தக் காட்சியில், அந்த இடத்தில், அந்தக் கணக்கு ஒரு புள்ளியை எவ்வளவு பரப்புகிறது என்பது. புள்ளியின் வலிமையை உள்ளூர் வெளிச்சத்தில் 50 சதவீதம், 20, 10 என்று குறைத்துக்கொண்டே போங்கள். வலிமையான புள்ளி ஒரே பிக்சலில் நிற்கும். பலவீனமானது ஒரு கட்டத்தில் பக்கத்துத் தட்டைக்குள் கரைந்து காணாமல் போகும். காணாமல் போகும் இடம் எதுவோ, அதுதான் உங்கள் முறையின் உண்மையான எல்லை. இரண்டு புள்ளிகளை ஊன்றி, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், நடுவில் 26 சதவீதப் பள்ளம் விழும் தூரத்தைக் குறித்தால் ரேலே கணக்கோடு (இரண்டு புள்ளிகள் பிரிந்து தெரிவதற்கான வழக்கமான அளவுகோல்) ஒப்பிடக்கூடிய ஓர் எண்ணும் கிடைக்கும். விளிம்பருகே, தட்டைப் பரப்பில், நெசவின் நடுவே என மூன்று இடங்களில் செய்யுங்கள். மூன்றும் வேறுபடும்.

இந்தச் சோதனை கணக்கை மட்டும் அளக்கிறது, லென்ஸை அல்ல என்பதை மறக்க வேண்டாம். லென்ஸின் பங்கு படி 5-இல் வந்த 0.63.

அடுத்த கருவி ஃபூரியே வளையத் தொடர்பு. 1982-இல் மின்னணு நுண்ணோக்கித் துறையில் பிறந்தது. ஒரே காட்சியைத் தனித்தனியாக இரண்டு முறை அளந்து, இரண்டு படங்களின் ஃபூரியே மாற்றத்தை வளையம் வளையமாக ஒப்பிட்டு, ஒற்றுமை ஏழில் ஒன்றுக்குக் கீழே விழும் அலைவெண்ணை எல்லை என்று கொள்வது வழக்கம். இலக்கு அட்டையே தேவையில்லை, எந்தக் காட்சியிலும் செய்யலாம், இரைச்சலின் பங்கும் தானாகவே சேர்ந்துவிடும். ஆனால் இரண்டு முறையும் ஒரே கோலங்களைப் போட்டால், அந்தக் கோலங்கள் உண்டாக்கும் பொய் நுணுக்கமும் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி வந்து, "ஒற்றுமை" என்று எண்ணப்படும். இரண்டாம் முறை வேறு கோலத் தொகுப்பைப் போடுங்கள், அல்லது கோலத்தைச் சில ஆடிகள் நகர்த்திவிட்டு, படத்தைப் பிறகு சரியாகப் பொருத்துங்கள்.

நரம்பியல் வலையால் மீட்கிறீர்கள் என்றால் இதுவும் போதாது. முகங்களால் பயிற்சி பெற்ற வலை இரண்டு முறையும் அதே கண்ணிமை மயிரை வரைந்து கொடுக்கும், ஒற்றுமை ஒன்றைத் தொடும். அதற்கு ஊன்றிய புள்ளிச் சோதனையும், வலை பயிற்சியில் பார்த்திராத பொருளும் கட்டாயம். என் கையில் எப்போதும் இருப்பது பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு தமிழ்ப் பக்கத் துண்டு. சுழியும் கொம்பும் புள்ளியும் அடர்ந்த எழுத்து. புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும், எது போனது என்று ஒரே பார்வையில் தெரியும். இப்படி ஓர் இலக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

படி 9: ஒளியைக் குறைத்துக்கொண்டே போங்கள்

இதுவரை எடுத்த எண்கள் எல்லாம் தாராளமான ஒளியில் வந்தவை. எல்இடியின் ஒளியைப் பாதி, கால், அரைக்கால் என்று குறைத்து வளையத் தொடர்பை மட்டும் திரும்ப எடுங்கள். ஒளிக்கு எதிரே எல்லையை வரைந்தால், முதலில் தட்டையாக இருந்து பிறகு சரியும் ஒரு வளைவு வரும். தட்டைப் பகுதியில் லென்ஸும் பிக்சலும் ஆளுகின்றன. சரிவில் இரைச்சல் ஆளுகிறது. சரிவில் வேலை செய்கிறவர் பிக்சல் எண்ணைக் கூட்டினால் பயனில்லை. குறைத்தால் படம் மேம்படலாம்.

படி 10: எப்படி எழுதுவது

ஒற்றை எண் எழுதாதீர்கள். என் குறிப்பேட்டில் ஒரு பதிவு இந்த மாதிரி இருக்கும், எண்கள் மேலே போட்ட உதாரணத்துக்கு உரியவை:

"பொருள் தளத்தில் பிக்சல் 164 மைக்ரான், நைக்விஸ்ட் மி.மீ.க்கு 3.05 ஜோடி. முழு ஹடமார்டு, ஜோடிக் கழிப்பு, நேர்கோட்டு மீட்பு, ஒரு படத்துக்கு 1.5 விநாடி. நைக்விஸ்டில் எம்டிஎஃப் கிடைமட்டம் 0.40, செங்குத்து 0.37. யுஎஸ்ஏஎஃப் ஒளி ஊடுருவும் கோடுகள், நான்கு நிலையிலும் பிரிந்தது குழு 1 உறுப்பு 3. வெள்ளைப் பின்னணியில் உறுப்பு 2. 25 சதவீத அளவீடு, மொத்த மாறுபாட்டு மீட்பு: துணிக் காட்சியில் ஊன்றிய புள்ளி 20 சதவீத வலிமை வரை நின்றது, 10-இல் கரைந்தது. விளக்கு எல்இடி, கதவு மூடியிருந்தது."